கிராமத்து லுத்தரன் சபையை நிறுத்தி வைத்தது யார்?

மயிலாடுதுறை பக்கமோ, கடலூர் விழுப்புரம் பக்கமோ, ஏதாவது ஒரு சின்னக் கிராமத்தில் முப்பது நாற்பது குடும்பங்களோடு ஒரு லுத்தரன் சபை (மார்ட்டின் லுத்தர் வழிவந்த புராட்டஸ்டண்ட் சபை) இருக்கும். அந்தச் சபை நூற்றாண்டு விழா மலர் போட்டிருந்தால் அதன் அமைப்பை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதலில் மிஷனரிகளின் பெயர்கள், அப்புறம் அங்கே ஊழியம் செய்த ஐயர்மார்களின், அதாவது போதகர்களின், பட்டியல், ஆலயம் பிரதிஷ்டை ஆன தேதி, மணி வாங்கிக் கொடுத்தவர் பெயர். அந்த ஊரில் குடியிருந்து, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்தி, செத்தவர்களை அடக்கம் செய்து, மிராசுதாரோடு தகராறு வந்தால் தாசில்தாருக்கு மனு எழுதிக்கொடுத்த உபதேசியார் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்கமாட்டார். இருந்தாலும் ஒரு வரியில் முடிந்துவிடுவார். இதைப் பெரிய குறையாகவே நினைக்கிறேன். ஒரு கிராமத்துச் சபை எப்படி உண்டானது, எப்படிப் பிழைத்தது என்று கேட்டால், பதிலில் பாதிக்கு மேல் அவரிடம்தான் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளத் தரங்கம்பாடியிலிருந்து தொடங்க வேண்டும். 1620-ல் தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய இரண்டு ஜெர்மானியர்கள், சீகன்பால்குவும் புளூட்சோவும், 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கினார்கள். 1707 மே மாதம் முதல் ஞானஸ்நானம். பெற்றவர்கள் ஐந்து பேரும் டேனிஷ்காரர்களின் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் முதல் ஆலயம். இப்போது நாம் பார்க்கும் புதிய எருசலேம் ஆலயம் 1718-ல் பிரதிஷ்டை ஆனது, மறு ஆண்டு பிப்ரவரியில் சீகன்பால்கு 36 வயதில் இறந்துபோய் அதே ஆலயத்துக்குள் அடக்கம் ஆனார். இவை எல்லாரும் சொல்லும் தேதிகள். இவை அத்தனையும் ஒரு கோட்டை ஊருக்குள் நடந்தவை. தரங்கம்பாடியும் அதை ஒட்டிய சில கிராமங்களும்தான் டேனிஷ் கையில் இருந்தன. பொறையாரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் தஞ்சை மராத்திய அரசரின் சீமை, அதற்குள் வெள்ளைக்காரப் பாதிரிமார் நினைத்தபடி நடமாட முடியாது, அரசரின் அனுமதி வேண்டும், அது சுலபத்தில் கிடைக்கவில்லை.

அப்படியானால் மாயூரம் பக்கத்துக் கிராமங்களுக்கும் தஞ்சாவூர் பக்கத்துக் கிராமங்களுக்கும் இந்தச் செய்தி எப்படிப் போனது? தமிழர்கள் கொண்டுபோனார்கள். வேறு வழியே இல்லை. இந்த மிஷனுக்குப் பின்பலமாக இருந்த ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் தீட்டிய திட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வயல் வரப்பில் நடந்துபோய்ப் பேசத் தமிழ் உபதேசியார் ஒருவர் வேண்டும் என்ற நிலையை அரசியல் எல்லைகளே உண்டாக்கிவிட்டன. கடலூர்க்காரரான ஆரோன் அப்படிப் போனவர்களில் ஒருவர். 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள், இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் தமிழ்ப் போதகர் அவர்தான். 1745-ல் இறக்கும்வரை கிராமம் கிராமமாக நடந்தார். ஆரோன் பெயராவது நிலைத்துவிட்டது. அவருக்குக் கீழே, அவர் வராத வாரங்களில் சபையைக் கூட்டியவர்கள், நோயாளி வீட்டுக்குப் போனவர்கள், பிள்ளைகளுக்குப் பத்துக் கற்பனை சொல்லிக்கொடுத்தவர்கள் பலர்.

நல்லவேளையாக அவர்கள் எழுதினார்கள். எங்கே போனோம், யாரோடு பேசினோம், அவர்கள் என்ன கேட்டார்கள், நாங்கள் என்ன சொன்னோம் என்று உபதேசிமார் எழுதித் தந்த குறிப்புகளை மிஷனரிகள் ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலேக்கு அனுப்ப, அவை அங்கே அறிக்கைகளாக அச்சாகி ஐரோப்பா முழுவதும் வாசிக்கப்பட்டன. தமிழ் ஓலைச்சுவடிகளும் கப்பலேறிப் போயின, ஹாலேயில் பிராங்கே என்ற போதகர் நிறுவிய நிறுவனத்தின் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. நம் ஊர்க் கிராமத்தான் ஒருவன் 18-ஆம் நூற்றாண்டில் ஒரு உபதேசியாரிடம் கேட்ட குறுக்குக் கேள்வி, நம் ஊரில் எங்கேயும் இல்லாமல், ஜெர்மனியில் பத்திரமாக இருக்கிறது. அதைத் தேடிப்போகிறவர்கள் குறைவு என்பது வருத்தம்.

இனி கசப்பான பகுதிக்கு வரவேண்டும், அதைத் தவிர்த்துவிட்டுக் கிராமத்துச் சபை வரலாறு எழுதவே முடியாது. ராஜநாயக்கன் என்று ஒருவர். பறையர், கத்தோலிக்கக் குடும்பம், தஞ்சை அரசரின் படையில் இருந்தவர். தமிழில் அச்சான வேதபுத்தகப் பகுதிகளைப் படித்து, 1720-களின் பிற்பகுதியில் தரங்கம்பாடியோடு சேர்ந்து, தஞ்சாவூர்ச் சீமையில் பல ஆண்டுகள் உபதேசியாராக உழைத்தவர். 1741-ல் இரண்டாவது தமிழ்ப் போதகரைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது அவர் பெயரும் பேசப்பட்டது. கடைசியில் தியாகோ என்பவருக்குக் குருப்பட்டம் போனது. ஒரு பறையர் கையால் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும்) வாங்க மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் மனம் ஒப்பமாட்டார்கள் என்பதே மிஷனரிகள் பார்த்த தடை. தகுதி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆலயத்துக்குள்ளேயே இரண்டு பக்கமாக உட்காரும் வழக்கம் அப்போதே இருந்தது. விதை நேரமே அப்படி.

இதன் தொடர்ச்சி 19-ஆம் நூற்றாண்டில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த சபைகள், அவர் 1798-ல் இறந்த பிறகு, காலப்போக்கில் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) மிஷன் கைக்குப் போயின. 1833-ல் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனடியாக, முழுவதுமாக ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பெரிய பிளவு உண்டானது. வெள்ளாளக் கிறிஸ்தவர்களில் பலர் விலகிப்போனார்கள். 1840-களில் ஜெர்மனியிலிருந்து லைப்சிக் மிஷன் வந்து, 1845-ல் தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட பிறகு பழைய டேனிஷ் மிஷனின் பொறுப்பை 1847-ல் ஏற்றபோது, விலகியவர்களில் பலருக்கு அது புகலிடமாக அமைந்தது. சாதி ஒரு சமுதாய வழக்கம், சுவிசேஷம் அதை மெல்ல மெல்லக் கரைக்கும், அவசரப்பட்டு உடைக்கக் கூடாது என்பது லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுலின் நிலை. இந்த நிலை தப்பு என்றே நான் நினைக்கிறேன். மெல்லக் கரையும் என்று சொல்லப்பட்டது பல ஊர்களில் கரையவில்லை, சேரிச் சபை வேறு ஊர்ச் சபை வேறு என்றும், கல்லறைத் தோட்டத்தில் தனித்தனிப் பக்கம் என்றும் கட்டிடமாகவும் மண்ணாகவும் கெட்டிப்பட்டுவிட்டது. லைப்சிக்காரர்களிடம் ஒரு நல்ல குணமும் இருந்தது. தமிழை ஆழமாகக் கற்றார்கள், தமிழர் பண்பாட்டை அழிக்க நினைக்கவில்லை. கிரவுல் திருக்குறளை ஜெர்மனிலும் லத்தீனிலும் மொழிபெயர்த்தவர். ஆனால் அந்த மரியாதை யாருடைய பண்பாட்டுக்குக் கிடைத்தது, யார் அதற்கு விலை கொடுத்தார்கள் என்று கேட்காமல் இருக்க முடியாது.

அப்போதே கேட்டவர் ஒருவர் உண்டு. கார்ல் ஓக்ஸ் என்ற லைப்சிக் மிஷனரி, சாதி விஷயத்தில் தன் மிஷனோடு ஒத்துப்போக முடியாமல் 1859-ல் பிரிந்தார். கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவில், நெல்லிக்குப்பம் பக்கத்தில் உள்ள மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக வேலையைத் தொடங்கினார். 1860-களில் டேனிஷ் மிஷன் சங்கம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்தக் கிராமத்து மூலையிலிருந்து முளைத்தது. தென்னாற்காட்டுக் கிராமத்துச் சபை ஒன்று ஏன் ஏ.எல்.சி. (ஆற்காடு லுத்தரன் திருச்சபை), அறுபது மைல் தெற்கே இருக்கும் சபை ஏன் டி.இ.எல்.சி. (லைப்சிக் மிஷன் வழிவந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) என்று பிள்ளைகள் கேட்டால், பதிலின் வேர் இந்தச் சண்டையில் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, நாகர்கோவில் பக்கத்து ஐ.இ.எல்.சி. (இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) சபைகளின் கதை வேறு: லைப்சிக் மிஷனில் வேதாகமத்தின் வார்த்தைக்கு வார்த்தை உண்மையைப் பற்றிய தகராறில் வெளியேறிய ஜெர்மானியர்களை வைத்து 1895-ல் அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை தொடங்கிய வேலை அது. கிருஷ்ணகிரிக் கிராமத்துச் சேரியில் இருந்தவருக்கு அந்த இறையியல் வாக்குவாதம் காதில்கூட விழுந்திருக்காது, ஆனால் அவர் பேரப்பிள்ளைகள் எந்த ஹாஸ்டலில் தங்கிப் படித்தார்கள் என்பதை அது தீர்மானித்தது.

சரி, கிராமத்து மக்கள் ஏன் சேர்ந்தார்கள்? அரிசிக்காகச் சேர்ந்தார்கள் என்று ஒரு பக்கம் ஏளனமாகச் சொல்வார்கள், ஆவியானவர் ஏவினார் என்று மலரில் எழுதுவார்கள். இரண்டுமே அந்த மக்களைச் சிறுமைப்படுத்தும் அவசரப் பதில்கள் என்பது என் எண்ணம். காவிரி டெல்டாவில் பண்ணையாளாகவும் படியாளாகவும் இருந்தவர்களுக்குக் குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் நிலத்தில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான். 1843-ல் அடிமைமுறையைச் சட்டம் ஏற்காமல் விட்ட பிறகும் நடைமுறை அதிகம் மாறவில்லை. 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சம் சேரிகளைத் துடைத்துப் போட்டது. அந்த நிலையில் தங்கள் தெருவுக்குள் வந்து திண்ணையில் உட்காரக்கூடிய, தங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற, படிக்கவும் எழுதவும் தெரிந்த ஒருவர் கிடைப்பது சாதாரண விஷயமா? மனைக்கட்டுக்கு விண்ணப்பம், பொய்க்கேசில் மாட்டிக்கொண்டவனுக்கு ஜாமீன், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், செத்தவருக்குக் கண்ணியமான அடக்கம் எல்லாம் அந்த ஒருவர் மூலமாக வந்தன. விசுவாசமும் அதோடு வந்தது, இரண்டையும் கத்தி வைத்துப் பிரிக்க முடியாது. சேர்ந்த பிறகு வேலை மறுக்கப்பட்டவர்களும், குடும்பத்தோடு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களும், அப்படியும் சபையை விடாதவர்களும் உண்டு, அரிசிக்கணக்கில் அவர்களைப் பற்றி என்ன சொல்வது?

கிராமத்துச் சபைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வளர்ந்தன. முதலில் ஒரு கூரைக் கொட்டகை. வாரநாளில் அது பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை ஜெபவீடு. நடத்துபவர் ஒரே ஆள்: உபதேசியார், அவரே வாத்தியார். சபை ஐயர் பத்து இருபது கிராமங்களுக்கு ஒருவர், மாதத்துக்கு ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ வந்து ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுத்துவிட்டுப் போவார். லுத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசம்தான் பாடப்புத்தகம். சீகன்பால்கு காலத்திலேயே அது தமிழுக்கு வந்துவிட்டது. பத்துக் கற்பனைகள், விசுவாசப்பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், பாவ அறிக்கை, திருவிருந்து என்ற வரிசையில் கேள்வியும் பதிலுமாகப் போகும். இதை வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்தவர்தான் திடப்படுத்தல் (விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்றுத் திருவிருந்துக்கு வரலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்கூட முழு ஞானோபதேசத்தையும் தலைகீழாகச் சொல்வார்கள். புத்தகம் தொடவே விடாத ஒரு சமுதாய அமைப்பில் ஒரு புத்தகத்தை முழுசாக வாயில் வைத்திருப்பது என்ன அர்த்தம் கொடுத்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

பாட்டு இன்னொரு செல்வம். ஜெர்மன் லுத்தரன் பாடல்களை அதே மெட்டில் தமிழாக்கியவை ஞானப்பாட்டுகள், இவற்றில் பலவற்றைச் சென்னையில் 1742 முதல் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த ஜெர்மானிய மிஷனரி பப்ரிசியுஸ் ஐயர் தந்தார். கர்நாடக ராகத்தில், நம் யாப்பில் அமைந்தவை கீர்த்தனைகள், இதில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாருக்கு நிகர் அவரே. கிராமத்து ஆராதனையில் இரண்டும் அடுத்தடுத்து வரும். ஞானப்பாட்டை ஆர்மோனியம் இல்லாமல் இழுத்து இழுத்துப் பாடும்போது அது ஜெர்மன் மெட்டா தாலாட்டா என்று பிரித்தறிய முடியாத ஒரு தனி ஓசை வந்துவிடுகிறது. எனக்கு அது மிகவும் பிடித்த ஓசை. பப்ரிசியுஸின் வேதாகம மொழிபெயர்ப்பையும் லுத்தரன்கள் லேசில் விடவில்லை, மற்றச் சபைகள் 1871-ல் வந்த ஐக்கியத் திருப்புதல் என்ற பொது மொழிபெயர்ப்புக்கு மாறிய பிறகும் நெடுங்காலம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் 1914 வந்தது. ஜெர்மனியும் இங்கிலாந்தும் போரில் இறங்க, லைப்சிக் மிஷனரிகள் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆனார்கள். காவலில் வைத்து, அப்புறம் குடும்பத்தோடு கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். பணம் நின்றது. சுவீடன் சபையின் மிஷன் பொறுப்பை ஏற்றுக்கொண்டாலும் ஆள் போதவில்லை. மிஷன்தான் சபை என்று நினைத்திருந்தவர்கள் கலைந்துபோயிருக்க வேண்டும். கிராமத்துச் சபைகள் கலையவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது, உபதேசியார் மணியடித்தார், ஜனங்கள் வந்தார்கள். ஏற்கெனவே தினசரிச் சபை வாழ்க்கை அவர்கள் கையில்தான் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை. 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன் சொந்த அமைப்போடு உருவானது. 1921-ல் முதல் பேராயர் சுவீடன்காரர் ஹ்யூமன். தரங்கம்பாடிப் பேராயர் என்பது பதவிப் பெயர், தலைமையிடம் திருச்சி. பேராயராக ஒரு தமிழர் வர 1956 ஆனது, ராஜா மாணிக்கம். ஆரோனுக்குப் பட்டம் கொடுத்து 222 ஆண்டுகள் கழித்து. அந்த இடைவெளியை யாரும் பெருமையாகச் சொல்ல முடியாது. நடுவில், 1947-ல் பல புராட்டஸ்டண்ட் சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது லுத்தரன்கள் அதில் சேரவில்லை, பேச்சுவார்த்தை மட்டும் பல ஆண்டுகள் நடந்தது.

மிஷன் பணம் குறையக் குறைய கிராமத்துச் சபை தன் காலில் நிற்கப் பழகியது பெண்களால். சமைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனியாக ஒரு பானையில் போட்டு வைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்கு வரும். பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். அறுவடை முடிந்ததும் அறுப்பின் பண்டிகை, முதல் நெல், பூசணி, கோழி, ஆட்டுக்குட்டி எல்லாம் பீடத்துக்கு முன்னால் வரும், ஆராதனை முடிந்து ஏலம் நடக்கும். ஒரு தேங்காய் சந்தை விலையைப்போல் பல மடங்குக்குப் போவதும், ஏலம் எடுத்தவரே அதைத் திரும்பக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வதும் அங்கே நடக்கும். கூலி வேலை செய்கிற ஜனங்கள் உபதேசியார் சம்பளத்தையும் கூரை மாற்றும் செலவையும் இப்படித்தான் தேற்றினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டு விஷயங்கள் கிராமத்துச் சபையின் முகத்தை மாற்றின. ஒன்று பள்ளிக்கூடம். அரசு மானியம் வர, பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்று விதி வர, உபதேசியாரும் வாத்தியாரும் ஒரே ஆளாக இருந்தது மெல்ல முடிவுக்கு வந்தது. ஆசிரியர் அரசுச் சம்பளம் வாங்கினார், டவுனிலிருந்து பஸ்ஸில் வந்துபோனார். உபதேசியாரின் சொற்பச் சம்பளம் அப்படியே நின்றது, பிறகு பல ஊர்களில் அந்த வேலையே இல்லாமல் போனது. இரண்டாவது 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை. பட்டியல் சாதி என்ற தகுதி இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் இன்னும் இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஒரே தெரு, ஒரே அவமானம், ஒரே வயல் வேலை, சான்றிதழ் மட்டும் வேறு. இதனால் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயருமாக வாழ்கிற குடும்பங்கள் உண்டானதை ஊரறியும். கிராமத்துச் சபையின் எண்ணிக்கை அரசுக் கணக்கில் ஒன்றாகவும் ஆலயத்தில் வேறாகவும் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம், அவர்களை இரட்டை வேடக்காரர்கள் என்று பேசுவது அநியாயம்.

இந்தச் சபைகளில் இப்போது இளையவர்கள் குறைவு. சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். போவது புதிதும் இல்லை, நூறு வருஷத்துக்கு முன்னால் இவர்களுடைய கொள்ளுத்தாத்தாக்கள் பர்மாவுக்கும் மலாயாத் தோட்டங்களுக்கும் போனவர்கள்தான். மலேசியாவின் லுத்தரன் திருச்சபை ஒன்று அப்படிப் போன தமிழர்களால் உண்டானது.

நூற்றாண்டு மலரோ இருநூறாம் ஆண்டு மலரோ போட நினைக்கிற சபைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மிஷனரிகளின் படங்களைத் தேடுவதற்கு முன் பதிவேடுகளை எடுங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் தாய் பெயரும் தொழிலும் இருக்கும், ஞானத்தகப்பன் ஞானத்தாய் யார் என்று பார்த்தால் எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்துக்கு ஆதரவாக நின்றது என்பது தெரியும். அடக்கப் பதிவேட்டில் மரணக் காரணத்தை எழுதியிருந்தால் காலராவும் பஞ்சமும் எந்த வருஷம் உங்கள் தெருவுக்குள் வந்தன என்பது தெரியும். விவாகப் பதிவேட்டில், 1872-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ விவாகச் சட்டப்படி, சாட்சிகளின் கையெழுத்து இருக்கும். கைநாட்டு எப்போது கையெழுத்தாக மாறுகிறது, பெண்கள் எந்தத் தலைமுறையில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதுகிறார்கள் என்று பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே போகலாம். பல பக்கங்களில் அந்த எழுத்து உபதேசியாருடையது. அந்தத் தாள்கள் கறையான் அரித்துப் பொடியாகிக்கொண்டிருக்கின்றன, அலமாரியிலிருந்து எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் பிடிக்க ஒரு மாலை போதும். பிறகு எண்பது வயதைத் தாண்டிய பாட்டிமார்களிடம் அந்தப் பெயர்களைப் படித்துக் காட்டுங்கள், உபதேசியார் எந்த வீட்டில் குடியிருந்தார், யார் வீட்டில் சாப்பிட்டார், அவர் சம்சாரம் யாருக்கெல்லாம் பிரசவம் பார்த்தார் என்று அவர்கள் சொல்வதைத் தேதி போட்டு எழுதி, மலரின் முதல் பக்கத்தில் வையுங்கள்.